கட்டுப்பாடு காத்த தலைவர்: டாக்டர் அம்பேத்காரின் போராட்ட வாழ்க்கை

பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கார் அவர்களைக் கல்விக்கடலாகவும் சட்ட வல்லுநராகவும் அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராகவும் நாம் அறிவோம். நம்மைத் தம்மத்தின்பால் அழைத்த வழிகாட்டியாக நாள்தோறும் நினைவு கூர்கின்றோம். ஆயினும் அவர் மக்கட் போராட்டங்களை நடத்திய முறையை நாம் ஊன்றி நோக்கியது குறைவு. ஊர்வலமும் மறியலும் அன்றாடச் செய்தியாகிவிட்ட இக்காலத்தில், ஒருவன் எறியும் ஒரு கல் ஆயிரவரின் நியாயமான கோரிக்கையைக் கெடுத்துவிடுவதைக் காண்கின்றோம். கூட்டம் சேர்ப்பது எளிது. சேர்ந்த கூட்டம் அடிபட்டு நிற்கும் வேளையிலும் அதனைத் தன்வயப்படுத்தி நிறுத்துவது மிக அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையில் அப்பகுதியை மட்டும் ஈண்டு எடுத்து எழுதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைவீட்டு ஊரில் பீமராவ் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார் பதவி வகித்தவர். செகந்திராபாத் படைவீட்டை அடுத்த லோத்குண்டாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றின் முன்னோர் படையையும் படை சார்ந்த பணியையும் நம்பி இவ்வூர் வந்தவர்களே. ஆதலின் அவ்வில்லத்தின் நிலைமை நமக்கு எளிதில் விளங்கும். விடியற்காலையில் எழுதல், குறித்த நேரத்திற் படித்தல், சொன்ன சொல்லைக் காத்தல் ஆகியன அவ்வீட்டின் ஒழுங்கு. அவ்வொழுங்கோடு, வெளியே சென்றால் தாகத்திற்குத் தண்ணீர் கிடையாத இழிவும் சேர்ந்தே வளர்ந்தது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தம் கையால் தொட அச்சிறுவனுக்கு உரிமை இல்லை. பிற்காலத்தில் அவர் முதற் பெரும் போராட்டத்தைத் தண்ணீருக்காகவே தொடுத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, 1912இல் பம்பாயில் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவியால் 1913இல் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயின்று, 1923இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். அதற்கு முன்னரே 1920இல் மூக்நாயக் என்னும் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1924இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்னும் சங்கத்தை நிறுவினார். முதலில் படிப்பகங்களும் மாணவர் விடுதியும் அமைத்து, அதன் பின்னரே தெருவில் இறங்கினார். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததென நாம் கருதவில்லை.

மகாட், 1927 மார்ச்

பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதார் எனப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. அதனைக் கொண்டுவந்தவர் எஸ்.கே. போலே. கொலாபா மாவட்டத்து மகாட் நகரசபையும் 1924இல் தன் சவதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்தருகே செல்லத் துணிந்தவர் எவருமில்லை. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தையும், அதில் பெரியார் சிறை சென்றதையும் தமிழராகிய நாம் அறிவோம். மகாடில் உரிமை ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தது. அதனைப் பயன்படுத்திக் காட்டவேண்டியதே எஞ்சி நின்றது.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் அங்கே மாநாடு கூடியது. பல்லாயிரவர் ஊர்தோறும் இருந்து வந்தனர். அவர்கள் குடிப்பதற்கான தண்ணீரையே நாற்பது ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. அருகிலேயே பொதுக் குளம் நிறைந்து கிடந்தது. இரண்டாம் நாள் காலையில் மக்கள் வரிசையாக, ஆரவாரமின்றிக் கடைத்தெரு வழியே நடந்து குளத்தை அடைந்தனர். அம்பேத்கார் முதலில் நீரை அள்ளிப் பருகினார். மற்றவர் அவரைப் பின்பற்றினர். பின்னர் வந்த வழியே ஒழுங்காகத் திரும்பினர்.

சிறிது நேரத்தில் ஒரு புரளி எழுந்தது. இவர்கள் வீரேசுவரர் கோயிலிலும் புகப்போகின்றனர் என்பதே அப்புரளி. அப்படி ஒரு திட்டம் இருந்ததேயில்லை. ஆயினும் தடிகளோடு திரண்ட கூட்டம் மாநாட்டுப் பந்தலுக்குள் பாய்ந்தது. உணவருந்திக் கொண்டிருந்தவரும், மூட்டை கட்டி ஊர் திரும்ப நின்றவரும் அடிக்கப்பட்டனர். உணவு மண்ணிற் சிதறியது. தெருக்களில் தனித்தனியே சிக்கியவர்களும் தப்பவில்லை. சிலர் முஸ்லிம் மக்களின் வீடுகளில் அடைக்கலம் புகுந்து உயிர் பிழைத்தனர். ஏறத்தாழ இருபது பேர் கடுங்காயமுற்றனர்.

அம்பேத்கார் அப்போது பயணியர் விடுதியில் தங்கியிருந்தார். செய்தி அறிந்ததும் சிலருடன் வெளியே சென்று, கோயிலிற் புகும் எண்ணம் தமக்கில்லை என்று எதிர்த்தரப்பாரிடம் நேரே எடுத்துரைத்தார். விடுதிக்குத் திரும்பியபோது ஏறத்தாழ நூறு பேர் அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றனர். அவர்களுள் பலர் பட்டாளத்திற் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், போர்க்களம் கண்டவர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் அவர்களுடைய இனத்தாரின் எண்ணிக்கையும் குறைந்ததன்று. அவர் கண் அசைத்திருந்தால் மகாட் நகரம் அன்று மாலையே இரத்தத்தில் நனைந்திருக்கும்.

அவர் தடுத்தார். தாம் வந்த நோக்கம் உரிமையை நிலைநாட்டுதல், அது நிறைவேறிவிட்டது. இனி எழும் ஒரு கை, அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்திவிடும். இதனை அவர் அவர்கட்கு உணர்த்தினார். அந்நூறு பேரும் கீழ்ப்படிந்தனர். நாம் வியக்கவேண்டியது தலைவரின் பொறுமையை மட்டுமன்று. அடிபட்ட உறவினரைக் கண்ணாற் கண்டும் கைகட்டி நின்ற அந்தப் பெயர் தெரியாதோரின் பொறுமையையும் வியத்தல் வேண்டும். பின்னர் வழக்கு நீதிமன்றம் சென்றது. தாக்கியவர்களுட் சிலர் சிறைத் தண்டனை அடைந்தனர். இரு தரப்பும் அடித்துக் கொண்டிருந்தால் அத்தீர்ப்பு அவ்வாறு வந்திருக்குமா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

மீண்டும் மகாட், 1927 டிசம்பர்

தீண்டப்பட்ட குளத்தை, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடம் நீரை ஊற்றித் தூய்மை செய்துவிட்டதாக மேற்சாதியார் கூறிக்கொண்டனர். ஆகஸ்டு மாதத்தில் நகரசபை தன் பழைய தீர்மானத்தையே நீக்கியது. ஆதலின் டிசம்பர் 25 முதல் மீண்டும் சத்தியாகிரகம் என்று அம்பேத்கார் அறிவித்தார். இம்முறை ஏற்பாடுகள் இன்னும் செம்மையாயிருந்தன. கடைக்காரர் பண்டம் விற்க மறுத்தமையால் தானியம் முதலியன வெளியிடங்களிலிருந்து வரவழைக்கப்பட்டன. பந்தலிட இந்துக்களிடம் நிலம் கிடைக்கவில்லை. ஒரு முஸ்லிம் அன்பர் இடம் தந்தார். பம்பாயிலிருந்து அம்பேத்காரும் தொண்டர்களும் பத்மாவதி என்னும் கப்பலில் தாஸ்காவ் வந்திறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து மைல் அணிவகுத்து நடந்து மகாட் சேர்ந்தனர்.

அன்றிரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்னும் பிராமண நண்பர். தம் பகை ஓர் இனத்தாரின்மேலன்று, ஏற்றத்தாழ்வின்மேலேயே என்பதை இயக்கம் இவ்வாறு செயலால் காட்டியது.

ஆயின் ஒரு பெரும் இடர் குறுக்கிட்டது. குளம் தனியாருக்குரியது என்று சிலர் வழக்கிட்டு, டிசம்பர் 14ஆம் நாளிலேயே இடைக்காலத் தடை உத்தரவு பெற்றிருந்தனர். குளத்தில் இறங்கினால் நீதிமன்றத்தை மீறியதாகும். இறங்காவிட்டால், பலநாள் வழி நடந்து வந்த மக்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஏறக்குறைய நான்காயிரம் பேர் சிறை செல்லவும் ஆயத்தமெனப் பெயர் கொடுத்திருந்தனர். மாவட்டக் கலெக்டரே மாநாட்டிற்கு வந்து, வழக்கு முடியும்வரை பொறுக்குமாறு கேட்டுக்கொண்டார். மக்களின் உள்ளம் கொதித்தது; குளத்தில் இறங்குவதென்றே அவர்கள் முடிவு செய்திருந்தனர்.

மறுநாள் அம்பேத்கார் எழுந்து, தள்ளிவைப்பதே தக்கது என்று அவர்களை வேண்டினார். அரசும் நீதிமன்றமும் இதுவரை தமக்கு எதிரியாகவில்லை. மேற்சாதியாரின் எதிர்ப்போடு அரசின் எதிர்ப்பையும் சேர்த்துக்கொள்ளும் வலிமை சேரிவாழ் ஏழைகட்கு இல்லை. இந்த எண்ணமே அவரை அம்முடிவிற்குக் கொண்டுவந்தது. மக்கள் மனவருத்தத்தோடு இசைந்தனர். பின் அணியணியாக ஊர்வலம் சென்று குளத்தைச் சுற்றி வந்தனர். ஒருவரும் நீரைத் தொடவில்லை. தாகமுற்றோர் குளக்கரையில் நடந்தும் குனியாமல் திரும்பிய அக்காட்சியை நாம் எண்ணுந்தோறும் உள்ளம் உருகுகின்றது.

இதனைத் தோல்வி என்று அன்று நகைத்தவர் உண்டு. இயக்கத்தின் உள்ளேயே முணுமுணுத்தவரும் உண்டு. வழக்கு கீழ்நிலை நீதிமன்றங்களைக் கடந்து, 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிவுற்றது. தீர்ப்பு அம்பேத்கார் தரப்பிற்கே. முதன்முதல் நீரருந்திய நாளிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டு கடந்திருந்தது. கட்டுப்பாட்டிற்கு விலை உண்டு என்பதை நாம் மறைத்தல் கூடாது. அவ்விலை காலம். அக்காலத்தில் இறந்தோர் அந்நீரைப் பருகாமலே இறந்தனர். ஆயினும் பெற்ற உரிமை மறுநாள் பறிபோகும் உரிமையாக இருக்கவில்லை.

நாசிக், 1930

அடுத்த பெரும் போராட்டம் நாசிக் காலாராம் கோயிலில் நடந்தது. 1930 மார்ச் 2ஆம் நாள், ஏறத்தாழ 15,000 பேர் நான்கு நால்வராக அணிவகுத்துச் சென்றனர். ஊர்வலம் ஒரு மைல் நீளம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. கோயிற் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. கதவை உடைக்க எவரும் முயலவில்லை. ஊர்வலம் கோதாவரிக் கரைக்குத் திரும்பிக் கூட்டமாக அமர்ந்தது. மறுநாள் 125 ஆடவரும் 25 பெண்டிரும் முதல் அணியாகச் சென்று நான்கு வாயில்களிலும் அமர்ந்தனர். காந்தியடிகள் தண்டி யாத்திரை தொடங்குவதற்குப் பத்து நாட்களுக்கு முன் நிகழ்ந்தது இது. பாவுராவ் கெய்க்வாட் என்னும் தாதாசாகேப் அன்றாட நடத்துதலை மேற்கொண்டார். பெண்கள் அணியில் இருந்ததும், யார் எந்த வாயிலில் என்பது முன்னரே வகுக்கப்பட்டதும் ஒழுங்கைக் காத்தன.

ஏப்ரல் 9 தேர்த் திருநாள். இரு தரப்பாரும் சேர்ந்து தேர் இழுக்கலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. ஆயின் சொன்ன சொல் காக்கப்படவில்லை. தேர் வேறு வழியே இழுத்துச் செல்லப்பட்டது. கைகலப்பு மூண்டது, கல்மாரி பொழிந்தது, பலர் காயமுற்றனர். அன்று நம்மவர் தரப்பிலும் பொறுமை முழுமையாக நின்றது எனக் கூறுதற்கில்லை. பல்லாயிரவர் கூடுமிடத்தில் ஓர் உடன்படிக்கை முறியும் நொடியே மிக ஆபத்தானது என்பதை நாசிக் காட்டிற்று.

ஆண்டுகள் ஓடின, கதவு திறக்கவில்லை. 1934இல் அம்பேத்கார் கெய்க்வாடுக்கு எழுதி, இனி இம்முயற்சியில் மக்களின் ஆற்றலைச் செலவிட வேண்டா என்று அறிவுறுத்தினார். கோயிலுக்குள் புகுவதனால் மட்டும் விடுதலை வாராது; கல்வியும் அரசியல் உரிமையுமே தேவை என்று அவர் தெளிந்துவிட்டார். 1935 அக்டோபர் 13ஆம் நாள் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, இந்துவாக இறப்பதில்லை என்று உறுதி கூறினார். அடைத்த கதவை இடிக்காது, வேறு வாயிலை நோக்கி மக்களைத் திருப்பியதும் அவருடைய தலைமைப் பண்பின் ஒரு கூறேயாகும்.

உழவரும் தொழிலாளரும்

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1938 ஜனவரி 10ஆம் நாள், கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்கக் கோரி, ஏறத்தாழ 20,000 உழவர் பம்பாய்ச் சட்டசபையை நோக்கி ஊர்வலம் வந்தனர். பிரதிநிதிகள் முதலமைச்சர் கேர் அவர்களைக் கண்டு கோரிக்கை அளித்தனர். கூட்டம் அமைதியாகக் கலைந்தது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் குறைத்த மசோதாவை எதிர்த்து ஆலைத் தொழிலாளர் நடத்திய ஒருநாள் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச்சூடும் நிகழ்ந்தது. பொதுவுடைமையாளருடன் சேர்ந்து அதனை அவர் நடத்தினார். தம் கொள்கைக்கு முழுதும் உடன்படாதாரோடும் ஒரு நோக்கத்திற்காக ஓர் ஒழுங்கில் நிற்க அவர் அறிந்திருந்தார்.

1942இல் ஷெட்யூல்டு வகுப்பினர் பெடரேஷன் தோன்றிற்று. 1946இல் பூனாவில் அப்பெடரேஷன் நடத்திய சத்தியாகிரகத்தில் தொண்டர்கள் அணியணியாகச் சென்று கைதாயினர்.

அரசியலமைப்பும் அவர் விடுத்த எச்சரிக்கையும்

1947 ஆகஸ்டில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். பணி நிறைவுற்ற 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியலமைப்பு மன்றத்தில் அவர் ஆற்றிய உரையில், நமக்கு இரு செய்திகள் உள்ளன.

முதலாவது, குருதி சிந்தும் வழியை முற்றும் விலக்கவேண்டும் என்பதோடு, சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் ஆகியவற்றையும் இனிக் கைவிட வேண்டும் என்று அவர் கூறினார். அரசியலமைப்பு வழிகள் அடைபட்டிருந்த காலத்தில் அம்முறைகட்கு நியாயம் இருந்தது. வழி திறந்தபின் அவை ஒழுங்கின்மைக்கே வித்தாகும் என்பது அவர் கருத்து. மகாடிலும் நாசிக்கிலும் சத்தியாகிரகம் நடத்தியவரே இதனைச் சொன்னார் என்பதைக் கருதுக.

இரண்டாவது, பாராளுமன்ற முறை இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதற்குப் பௌத்த பிக்கு சங்கத்தையே அவர் சான்று காட்டினார். சங்கத்தில் இருக்கை ஒழுங்கும், தீர்மானம் கொணரும் விதியும், குறைந்தளவு வருகை எண்ணிக்கையும், வாக்கெண்ணும் முறையும் இருந்தமையை எடுத்துரைத்தார். அடக்கமும் விதிப்படி நடத்தலும் பிறரிடமிருந்து நாம் கடன் வாங்கியவை அல்ல. நம் தம்மத்தின் சொந்தச் செல்வம்.

அவர் மறைந்தபின், தாதாசாகேப் கெய்க்வாட் 1959லும் 1964லும் நிலமற்றோருக்கு நிலம் கோரிச் சத்தியாகிரகம் நடத்தினார். 1964 டிசம்பரில் தொடங்கிய போராட்டத்தில் இலட்சக்கணக்கானோர் அமைதியாகச் சிறை புகுந்தனர். இது பாபாசாகேப் வாக்கிற்கு மாறன்றோ என வினவுவோர் உளர். மனு, வாக்கு, சட்டமன்றம் ஆகிய எல்லா வழிகளையும் தட்டிப் பார்த்தபின், எவருக்கும் தீங்கிழையாமல் தம்மையே வருத்திக்கொண்ட அச்செயலை ஒழுங்கின்மை என நாம் கொள்வதற்கில்லை. ஆயினும் பாபாசாகேப் எழுப்பிய கேள்வி ஒவ்வொரு போராட்டத்தின் முன்னும் நிற்கிறது. திறந்துள்ள வழிகளை எல்லாம் நாம் உண்மையிலேயே பயன்படுத்தினோமா? இதற்கு விடை சொல்ல இயலாதவர் தெருவிற்கு வரும் தகுதி பெறார்.

தம்ம தீக்கை

அந்நாளில் ஐதராபாத் இராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஔரங்காபாதில் 1950இல் அவர் கல்லூரி நிறுவினார். அது பின்னர் மிலிந்தர் பெயரைப் பெற்றது. நம் ஐதராபாதின் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1953இல் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில், வணக்கத்திற்குரிய சந்திரமணி மகாதேரரிடம் அவர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பின்னர் 22 உறுதிமொழிகளைத் தாமே மக்களுக்குக் கூறி ஏற்கச் செய்தார். வெள்ளாடை உடுத்து அங்கே கூடியவர் பல இலட்சம். நூற்றாண்டுகளின் இழிவைத் துறக்க வந்த அம்மாபெருங்கூட்டம், எவர் வீட்டையும் தாக்காமல், எவர் கோயிலையும் தொடாமல், வந்தவாறே திரும்பிச் சென்றது. மகாட் குளக்கரையில் தொடங்கிய பயிற்சியின் முதிர்ந்த கனியே நாகபுரித் திடல் எனலாம்.

ஏழு வாரங்கள் கழித்து, டிசம்பர் 6ஆம் நாள் டில்லியில் அவர் மறைந்தார். மறுநாள் பம்பாய் தாதர் கடற்கரையில் உடல் எரியூட்டப்பட்டது. துயரத்தில் ஆழ்ந்திருந்த அம்மக்களுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், பிக்கு ஆனந்த கௌசல்யாயனர் வாயிலாக அங்கேயே தம்மம் ஏற்றனர். அழுகையிலும் அவர்கள் நிலைகுலையவில்லை.

நாம் கொள்ளவேண்டியவை

இவ்வாழ்க்கையிலிருந்து சில விதிகளை நாம் தொகுத்துக் கொள்ளலாம். போராட்டத்தின் நோக்கம் ஒன்றாகவும் தெளிவாகவும் முன்னரே அறிவிக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அது இல்லாத இடத்தில் புரளி புகும். சட்டத்திலோ தீர்மானத்திலோ பற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். உணவு, தண்ணீர், தங்கும் இடம், திரும்பும் வழி ஆகியவற்றைத் தலைமையே ஏற்பாடு செய்தல் வேண்டும். பசித்த கூட்டம் பொறுமை இழக்கும். யார் எங்கே நிற்பது, யார் சொல்லுக்கு அடங்குவது என்பது ஐயமற வேண்டும். தலைவர் இடரின்போது மக்களோடு இருத்தல் வேண்டும். வீட்டிலிருந்து பொறுமையைப் போதிப்பவர் சொல் எடுபடாது. அடிபட்டால் வழக்கிட வேண்டும், பழி தீர்க்கலாகாது. நிறுத்தவேண்டிய நாளில் நிறுத்தும் துணிவு வேண்டும்.

பஞ்சசீலத்தின் முதற் சீலத்தை நாம் விகாரையில் கைகூப்பி ஏற்கின்றோம். அங்கே அதனைக் காப்பது எளிது. நம்மை இழிவுபடுத்தியவன் எதிரே தடியோடு நிற்கையில் காப்பதே கடினம். 1927 மார்ச் 20ஆம் நாள் மாலை, தீக்கை பெறாமலே, சீலம் இன்னதென்று ஓதாமலே, நூறு பட்டாள வீரர் அதனைக் காத்து நின்றனர். தீக்கை பெற்ற நாம் அவர்களினும் குறைந்து நிற்றல் தகுமோ? நம் இளைஞர் ஊர்வலத்திற்குப் புறப்படுமுன் இவ்வரலாற்றை ஒருமுறை படித்துச் செல்வார்களாக.